ஈயும் ஈயமும்

கோடை விடுமுறையில் தில்லியினின்று குலுப் பள்ளத்தாக்கிற்குச் செல்லும் நம் குடும்பத்தினர், தீர்த்தன் ஆற்றங்கரையில் நீண்ட கோலும் கையுமாக நிற்போரைக் கண்டிருக்கலாம். அவர்கள் நாடுவது டிரௌட் மீனை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நம் நீலகிரியிலும் இங்கும் கொணர்ந்து விடப்பட்ட இம்மீன், குளிர்ந்து தெளிந்த நீரோட்டத்தில் வாழ்வது. இதனைப் பிடிக்கத் தூண்டில் முள்ளில் புழுவைக் கோப்பதற்கு மாறாக, இறகும் நூலும் ரோமமும் சுற்றிப் பூச்சியைப் போலவே கட்டுவர். அதற்குப் பெயரே 'ஈ' என்பதாகும்.

டிரௌட் தன் இரையில் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே உண்கிறது. பூச்சிகளின் இளம் பருவங்கள் அடியிலுள்ள கற்களிடையே வாழ்கின்றன. எடையற்ற ஈயோ விரைந்தோடும் நீரில் மீனின் தலைக்கு மேலாகக் கடந்து போய்விடும். ஆகையால் இறகு கட்டுமுன் முள்ளின் தண்டில் உலோகக் கம்பியைச் சுற்றுவர். அல்லது முள்ளின் தலைப்பக்கம் துளையிட்ட மணியைக் கோப்பர். கம்பி நடுவில் இருப்பின் ஈ சமநிலையில் அமிழும். தலையில் மணி இருப்பின் தலைகீழாக இறங்கி, இழுக்குந்தோறும் மேலெழும். எடை மிகுந்தாலோ கற்களில் சிக்கும். உயிருள்ள பூச்சியின் அசைவும் கெடும். சரக்கு வண்டிகளின் சுமைக் கணக்கெழுதும் நமக்கு இது நன்கு விளங்குகிறது: எவ்வளவு ஏற்றுவது என்பதைப் போலவே, எங்கே ஏற்றுவது என்பதும் முக்கியம். எடையிட்ட ஈயைப் பிரித்தறிய, அதன் தலையை வேறு நிற நூலால் கட்டி முடிப்பது நல்வழக்கம்.

இனி, எதை ஏற்றுவது? நெடுங்காலமாக ஈயக் கம்பியே கையாளப்பட்டது. அது மலிவானது, வளையக்கூடியது, நீரைப்போல் 11.3 மடங்கு கனமானது. ஆனால் ஈயம் நஞ்சு. தூண்டிற்காரர் விட்டுச் சென்ற ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மடிந்தமையால், இங்கிலாந்தில் 1987-இல் சிறு ஈய எடைகள் தடை செய்யப்பட்டன. நம் கவலை இன்னும் அருகிலுள்ளது. ஈ கட்டுவது வீட்டு மேசையில். உடனிருப்பவர் நம் குழந்தைகள். ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. தீங்கற்ற ஈய அளவென்று அறியப்பட்டது ஏதுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மாற்று வழி புதிதன்று. இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலராயிருந்த பிராங்க் சாயர், நூலையே விலக்கி, மெல்லிய செம்புக் கம்பியாலேயே ஃபெசன்ட் பறவையின் வாலிறகைக் கட்டினார். கம்பியே கட்டும் ஆயிற்று, எடையும் ஆயிற்று. செம்பு நீரைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு கனம். ஆழ்ந்த மடுவுக்கு 19.3 மடங்கு கனமுள்ள டங்ஸ்டன் மணி உண்டு; விலை சற்றுக் கூடுதல், எனினும் சிறு மணியே போதும்.

மீன்துறையின் அனுமதிச் சீட்டைப் பெற்று, தடைக்காலம் அறிந்து ஆற்றில் இறங்குக. பொழுதுபோக்கிற்காகக் கட்டும் ஈயில் ஈயம் வேண்டா. செம்பு இருக்க, வீட்டிற்குள் நஞ்சு எதற்கு?