உருப்படிக்கு ஒரு ரூபாய்: சலவைத் தொழிலில் கூலி உயர்வும் வாடிக்கையாளர் தயக்கமும்

தோற்றுவாய்

மடிப்புக் கலையாத சட்டையோடு நாம் காலையில் வகுப்பறைக்குள் நுழைகிறோம். அம்மடிப்பின் பின்னே ஒருவரின் உழைப்பு நிற்கிறது. அவ்வுழைப்பின் விலையை நாம் எண்ணிப் பார்ப்பதோ, அவர் அதனை உயர்த்தக் கேட்கும் நாளில் மட்டுமே.

எம் தெருமுனை வேப்பமரத்தடியில் தேய்ப்பு வண்டி நிறுத்தித் தொழில் செய்யும் பெரியவர் ஒருவர், ஒரு நாள் துணி மூட்டையைத் திருப்பித் தரும்போது தயங்கித் தயங்கி, "வர்ற ஒண்ணாந் தேதியிலேருந்து உருப்படிக்கு ஒரு ரூபா கூடப் போட்டுக்கணும் சார்" என்றார். "போன வருஷந்தானே ஏத்துனீங்க?" என்று நாம் உடனே கேட்டுவிட்டோம். "மூணு வருஷம் ஆச்சு சார்" என்றார் அவர். வீட்டுக் கணக்குக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தோம். அவர் கூறியதே உண்மை. அம்மூன்றாண்டுகளில் எம் ஊதியம், யாரிடமும் வாய் திறந்து கேளாமலேயே, அகவிலைப்படியால் உயர்ந்திருந்தது. ஒரு ரூபாய்க்காக அவரைக் கேள்வி கேட்ட நாம், எம் உயர்வுக்காக எவரிடமும் விளக்கம் கூறியதில்லை. இந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நெல்லாய் இருந்த கூலி

துணி வெளுத்தல் தமிழகத்தின் தொன்மையான தொழில்களுள் ஒன்று. களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் நாள்தோறும் ஆடை வெளுக்கும் பெண்ணைப் புறநானூற்றின் 311ஆம் பாடல் காட்டுகிறது. ஆடைக்கு இரவில் கஞ்சி தோய்க்கும் வழக்கத்தை நற்றிணையின் 90ஆம் பாடலில் காண்கிறோம். சவர்க்காரம் வருமுன் உவர்மண்ணே அழுக்கை நீக்கிற்று. வெள்ளாவி அடுக்கி அவித்தலும், சேங்கொட்டைச் சாற்றால் துணியில் வீட்டுக்குரிய குறியிடுதலும் இத்தொழிலின் நுட்பங்களாய் விளங்கின. நூறு வீட்டுத் துணிகள் ஒரே துறையில் வெளுக்கப்பட்டாலும், குறி பார்த்து அவை உரிய வீடு சேர்ந்தன.

அந்நாளில் கிராமத்துச் சலவைத் தொழிலாளர்க்குக் கூலி பெரும்பாலும் தானியமாகவே அளிக்கப்பட்டது. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல், மாலையில் வீடுதோறும் சோறு, நல்லது கெட்டதுகளில் துணி என்பன அவர் பெற்றவை. இம்முறையில் இழிவும் அடிமைத்தனமும் கலந்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. கூலியை வழக்கம் வகுத்தது. உழைப்பவர் அதனைக் கேள்வி கேட்க இயலாது. ஆயினும் அதில் ஒரு பொருளியல் உண்மை மறைந்திருந்தது. நெல்லின் விலை ஏறினால், நெல்லாய்ப் பெற்ற கூலியின் மதிப்பும் தானே ஏறும். விலைவாசி உயர்ந்ததென்று அவர் எவர் வாசலிலும் நின்று சொல்ல வேண்டியதில்லை.

நகரத்திற்கு வந்தபின் கூலி நாணயமாயிற்று. இழிவு குறைந்தது, தொழிலாளர் தம் தொழிலுக்குத் தாமே உரியவரானார். ஆனால் நாணயம் தானே உயர்வதில்லை. விலைவாசி ஏறும்தோறும் அவர் வாய் திறந்து கேட்டாக வேண்டும். கேட்கும் பழக்கம் அவர்க்கில்லை. கேட்பதைப் பொறுக்கும் பழக்கம் நமக்கில்லை. கூலி உயர்வின்போது இரு தரப்பிலும் எழும் தயக்கத்தின் வேர் இதுவே எனலாம்.

தயக்கத்திற்கு வேறு காரணங்கள்

நாணயமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. கால் ரூபாய்க் காசு 2011ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாளோடு செல்லாததாயிற்று. அரை ரூபாய்க் காசு சட்டப்படி செல்லுமாயினும் கடைத்தெருவில் அதனைக் காண்பது அரிது. ஆகவே சிறு தொழிலர் விலையை உயர்த்த எண்ணினால் ஒரு முழு ரூபாயே உயர்த்த வேண்டியுள்ளது. ஐந்து ரூபாய் ஆறாகும்போது அது 20 விழுக்காடு. எட்டு ஒன்பதாகும்போது 12½ விழுக்காடு. சிறுகச் சிறுக ஏற வழியின்மையால், ஏறும்போது அது பெரிதாய்த் தோன்றுகிறது.

மற்றொரு காரணம் திடீரென அறிதல். துணியைத் திரும்பப் பெறும் வேளையில் புதிய விலையைக் கேட்பவர், தொகை சிறிதேயாயினும், தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணுகிறார். அடுத்த வீட்டாரிடம் குறைவாக வாங்குகிறாரோ என்னும் ஐயம் பிறிதொரு காரணம். இவையன்றி, உண்மையிலேயே கொடுக்க இயலாதவரும் உளர். சிறு ஓய்வூதியத்தில் வாழும் முதியோரும், வீட்டிலிருந்து வரும் பணத்தை எண்ணிச் செலவிடும் விடுதி மாணவரும் அத்தகையோர். தயங்குவோர் அனைவரையும் கருமிகள் என ஒதுக்குதல் முறையன்று.

கணக்கு கூறும் உண்மை

"விலையை ஏற்றினால் வாடிக்கை போய்விடும்" என்பது தொழிலாளரின் அச்சம். இவ்வச்சத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ஒருவர் நாளொன்றுக்கு 120 உருப்படிகளை, ஒன்றுக்கு 8 ரூபாய் வீதம் தேய்க்கிறார் எனக் கொள்வோம். வரவு 960 ரூபாய். கரி அல்லது எரிவாயு, இடவாடகை, வண்டிப் பழுது ஆகியவற்றிற்கு 400 ரூபாய் போக, மிஞ்சுவது 560. செலவு 480ஆக உயர்ந்தால் மிஞ்சுவதும் 480ஆகக் குறைகிறது. அவர் உழைப்போ குறையவில்லை.

இப்போது உருப்படிக்கு 9 ரூபாய் என உயர்த்துகிறார். ஒருவரும் விலகாவிடில் வரவு 1080, மிச்சம் 600. சிலர் விலகி, 120 உருப்படிகள் 107ஆகக் குறைந்தாலும் வரவு 963. அதாவது, 13 உருப்படிகளை இழந்தும் அவர் பழைய வரவினின்று இறங்கவில்லை. நிற்கும் நேரமும் தோள்வலியும் குறைந்திருக்கும். உயர்த்திய தொகையைப் புதிய விலையால் வகுத்தால், எத்தனை பங்கு வாடிக்கையை இழந்தாலும் வரவு குறையாது என்பது விளங்கும். இங்கு அது ஒன்பதில் ஒரு பங்கு.

நம் பக்கக் கணக்கையும் பார்ப்போம். திங்களுக்கு 60 உருப்படிகள் கொடுக்கும் குடும்பத்திற்குக் கூடுதற் செலவு 60 ரூபாய். நாளொன்றுக்கு 2 ரூபாய். அதே ஒரு ரூபாய் அவர்க்கு நாளொன்றுக்கு 120 ரூபாய். நம் கையில் சிறிதாயிருப்பது அவர் கையில் ஒரு குடும்பத்தின் ஒரு வேளை உணவாகிறது.

மறைவாகக் குறைத்தல்

விலையை உயர்த்த அஞ்சுவோர் சிலர் வேறொரு வழியை நாடுகின்றனர். அலசும் தண்ணீரைக் குறைத்தல், ஊறவைத்துத் துவைக்க வேண்டியதைச் சலவைத்தூளை மிகுதியாயிட்டு விரைந்து வெளுத்தல், சட்டையின் கழுத்துப்பட்டையையும் முன்பக்கத்தையும் மட்டும் தேய்த்து மடித்தல் என்பன அவ்வழிகள். மிகுதியான சலவைத்தூள் பருத்தி இழையை நலிவுறச் செய்து துணியின் ஆயுளைக் குறைக்கும். வாடிக்கையாளர் உயர்வைக் கொடுக்காததாக எண்ணி மகிழ்கிறார். ஆனால் துணிக்கடையில் அதனைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார்.

அளவையில் குறைப்போரைத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் கடுமையாகக் கண்டிக்கிறது. ஒப்புக்கொண்ட உழைப்பில் குறைத்தலும் அவ்வகையினதே என நாம் கொள்ளலாம். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்னும் கருத்தோடுதான் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் நிறைவு பெறுகிறது. வெளிப்படையாக விலையை உயர்த்துதல் தொழிலாளரின் நேர்மையைக் காக்கிறது. மறைவாகத் தரத்தைக் குறைத்தலோ அந்நேர்மையையே விலையாகக் கொடுப்பதாகும்.

உயர்த்தும் முறை

முதலாவது, துணியைப் பெறுமுன் விலையைக் கூற வேண்டும். இமாம் நவவி (மறைவு 1277) தம் மின்ஹாஜ் என்னும் சட்ட நூலில், கூலி குறித்த இயலில், எடுத்துக்காட்டாகக் கொண்டவருள் ஒருவர் துணி வெளுப்பவரே. கூலி இன்னதென்று பேசாமல் ஒருவர் துணியைக் கொடுக்க, மற்றவர் வெளுத்தும் தந்துவிட்டால் கூலி உண்டா என்னும் வினாவை எழுப்பி, அறிஞர்களின் மாறுபட்ட கருத்துகளை அவர் தருகிறார். பேசாததற்குக் கூலியில்லை என்பாரும், உண்டு என்பாரும், அத்தொழிலால் அறியப்பட்டவராயின் உண்டு என்பாரும் ஆக முத்திறத்தார். ஒரு சொல்லை முன்னரே சொல்லாமையால் எத்தனை வழக்கு! ஏற்கெனவே பெற்றுக்கொண்ட துணிக்குப் பழைய விலையே. புதிய விலை அடுத்த மூட்டைக்கே உரியது.

இரண்டாவது, இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே அறிவித்தல் நன்று. வண்டியிலோ கடையிலோ ஒரு சிறு அட்டையில் புதிய விலைப்பட்டியலை எழுதித் தொங்கவிட்டால், எல்லார்க்கும் ஒரே விலை என்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது, காரணத்தை ஒரே தொடரில் கூறிவிட வேண்டும். "கரி விலை ஏறிவிட்டது, மூன்றாண்டுகளாக நான் ஏற்றவில்லை" என்பது போதும். சீமைக்கருவேல மரத்தை மூட்டமிட்டு எரித்து இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வரும் கரியின் விலையை அவர் தீர்மானிப்பதில்லை. ஆகவே அவர் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேச வேண்டியதில்லை.

நான்காவது, பெருநாள், தீபாவளி, பொங்கல் ஆகியவற்றின் முந்திய நாள்களில் உயர்த்துதல் தகாது. வெள்ளுடைக்காக மக்கள் வரிசையில் நிற்கும் வேளையில் விலை கூட்டினால், அவர்தம் தேவையை நெருக்கிப் பிடித்ததாகும். அன்று கொடுப்பர், பின்னர் மறவார்.

ஐந்தாவது, ஐந்தாண்டுகள் பொறுத்து ஒரே முறையில் நான்கு ரூபாய் ஏற்றுவதினும், குறித்த இடைவெளியில் ஒவ்வொரு ரூபாயாக ஏற்றுதல் எளிது. எல்லா உருப்படிக்கும் ஒன்றாக ஏற்ற வேண்டுமென்பதுமில்லை. கஞ்சியிட்ட பருத்திப் புடவைக்கும் பட்டுக்கும் நேரம் மிகுதி. அவற்றிற்கு முதலில் உயர்த்தலாம்.

ஆறாவது, இயலாதவர்க்குச் சலுகையை வெளிப்படையாக அமைக்கலாம். வீடு வந்து எடுத்துச் சென்று கொடுப்பதற்குப் புதிய விலை, தாமே வண்டிக்குக் கொணர்வோர்க்குப் பழைய விலை என்பது ஒரு வழி. இதில் வேலை குறைகிறது, தரம் குறைவதில்லை. இமாம் கஸ்ஸாலி இஹ்யா நூலில் பொருளீட்டும் ஒழுக்கத்தைப் பேசுமிடத்து, நீதியை ஒரு படியாகவும், அதற்கும் மேலாக நன்மை செய்தலை மற்றொரு படியாகவும் வகுப்பார். ஒரே விலை நீதி. முதியவர்க்கும் மாணவர்க்கும் காட்டும் சலுகை நன்மை.

இத்தனைக்குப் பின்னும் விலகுவோர் விலகுவர். அவர்களிடம் சினம் கொள்ளாது துணியை ஒழுங்காக மடித்துக் கொடுத்தனுப்புதல் சிறப்பு. திரும்பி வருவோர்க்குக் கதவு திறந்திருக்க வேண்டும்.

நம் கடமை

மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை வேண்டினர். அவர்கள் மறுத்தார்கள். எவருக்கும் அநீதி இழைத்த பொறுப்பில்லாதவராக இறைவனைச் சந்திக்க விரும்புவதே அதற்கு அவர்கள் கூறிய காரணம். ஆட்சி அதிகாரமுடையவரே விற்பவரை அழுத்த அஞ்சினார்களெனில், ஒரு தெருவின் நாற்பது வீட்டாரும் கூடி, "பழைய விலைக்கு மேல் ஒரு காசும் தரமாட்டோம்" என ஒரு தனி மனிதரை மடக்குதல் எத்தகையது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை மேடைதோறும் எடுத்தாள்கிறோம். ஆனால் தேய்ப்புக் கணக்கை, "அடுத்த மாதம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்" எனத் தள்ளிப்போடாத வீடுகள் எத்தனை? அவர் கரிக்கடைக்கு ரொக்கம் கொடுக்கிறார். நமக்குக் கடன் கொடுக்கிறார். தாமதித்துக் கொடுப்பதும் ஒருவகைக் கூலிக் குறைப்பே.

நிறைவாக

தானியமாய் இருந்தவரை கூலி தானே உயர்ந்தது. நாணயமான பின் அதனைக் கேட்டே பெற வேண்டியுள்ளது. எனவே கூலி உயர்வு கேட்பது பேராசையுமன்று, இரத்தலுமன்று. முன்னரே சொல்லி, எல்லார்க்கும் ஒன்றாய், தரம் குறையாமல் கேட்பவர் தம் தொழிலின் அறத்தைக் காக்கிறார். அத்தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்து படிக்கின்றனர். அவர்கள் கட்டும் தேர்வுக் கட்டணத்தில் அந்த ஒரு ரூபாய் இருக்கிறது.

எம் தெருமுனைப் பெரியவரிடம் மறுநாள் சென்று, நாம் கேட்டது தவறென்று கூறிப் புதிய விலையை ஒப்புக்கொண்டோம். "பரவாயில்ல சார், எல்லாரும் கேக்கறதுதான்" என்று சிரித்தவாறே கரியை ஊதத் தொடங்கினார். மாணவச் செல்வங்களே, இன்று மாலை வீடு திரும்பியதும், உங்கள் வீட்டுத் துணியைத் தேய்ப்பவர் கடைசியாக எப்போது விலையை உயர்த்தினார் என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டுகள் பல கடந்திருப்பின், அவர் கேட்குமுன் நீங்களே அப்பேச்சைத் தொடங்குங்கள்.