ஒற்றைத் தலைவலிக்கு எந்த மாத்திரை?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. சாதாரணத் தலைவலிக்கே அப்படியென்றால், ஒற்றைத் தலைவலியைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? பாதி மண்டையில் சம்மட்டி கொண்டு அடிப்பது போன்ற இடி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், அடுக்களையில் பாத்திரம் உருண்டால் அந்தச் சப்தமே பொறுக்காது, வயிற்றையும் புரட்டும். நான்கு மணி நேரம் முதல் மூன்று நாள் வரையில் நீடிக்கக்கூடிய இந்த உபாதையை, "வெறும் தலைவலிதானே!" என்று ஒதுக்குவது நியாயமல்ல. இதனால் அவதியுறுவோரில் பெரும்பாலோர் ஸ்திரீகள். இருட்டறையில் சற்றுப் படுக்கக்கூட அவர்களுக்கு அவகாசம் கிடைப்பது அரிது.

நம் வீடுகளில் சாதாரணமாக வழங்கும் மாத்திரைகள் மூன்று: பாரசிட்டமால், ஆஸ்பிரின், ஐபுப்ரோபென். இவற்றில் எது மேல்? காக்ரேன் என்னும் சர்வதேச ஆராய்ச்சி ஸ்தாபனத்தார், பல பரிசோதனைகளின் முடிவுகளை ஒன்று திரட்டி 2013-ஆம் ஆண்டில் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வலி மிகுந்த பிறகு மருந்துண்டவர்களில், இரண்டு மணி நேரத்துக்குள் வலி அடியோடு நீங்கியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே கணக்கு. ஐபுப்ரோபென் 400 மில்லிகிராம் உண்டவர்களில் 26 பேர். ஆஸ்பிரின் 900 அல்லது 1000 மில்லிகிராம் உண்டவர்களில் 24 பேர். பாரசிட்டமால் 1000 மில்லிகிராம் உண்டவர்களில் 19 பேர். மருந்தே இல்லாத போலி மாத்திரையை விழுங்கியவர்களிலும் 10 முதல் 12 பேருக்கு வலி நீங்கிற்று!

ஆகவே முதலிரண்டும் ஏறக்குறையச் சமம். பாரசிட்டமால் சற்றுப் பின்தங்கியது. எதை உண்டாலும் முழுக்குணம் காண்பவர் நாலில் ஒருவரே. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வலி தணிந்து லேசாகிறது. மாத்திரை போட்ட பிறகும் ஒருவர் எழுந்திருக்கவில்லையென்றால் அது சோம்பல் அல்ல என்பதை வீட்டார் உணர வேண்டும்.

மருந்தைவிட முக்கியமானது மருந்துண்ணும் வேளை. பள்ளிக்கூடத்தில் நாம் அடிக்கடி காண்பது இது: கடைசி மணி அடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக் கொண்டிருந்து, வலி உச்சிக்கு ஏறிய பின்பே மாத்திரையைத் தேடுகிறார்கள். அதற்குள் இரைப்பையின் வேலை மந்தமாகி விடுகிறது. மருந்து ரத்தத்தில் கலக்கத் தாமதமாகிறது. வலி தொடங்கியதுமே உரிய அளவில் உண்பதே சரி. இருதய நோயாளிக்குத் தரும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் இதற்குக் காணாது.

யாருக்கு எது ஆகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உடையவர்களும், ரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர்களும் ஆஸ்பிரினையும் ஐபுப்ரோபெனையும் தாமாக உண்ணலாகாது. ஆஸ்த்மாக்காரர்கள் சிலருக்கும் அவை ஒவ்வா. டெங்கு என்ற சந்தேகம் இருந்தால் இரண்டுமே அபாயம். பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்குப் பாரசிட்டமாலே முதல் மருந்து. அதையும் வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும். ஆனால் அது சாது என்று எண்ணி, ஒரு நாளில் 4000 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஈரல் கெடும். ஜலதோஷ மாத்திரைகளிலும் அது கலந்திருப்பதுண்டு. உறையைப் படித்துப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேறொன்று. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ இம்மாத்திரைகளை உண்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், மருந்தே தலைவலியை விளைவிக்கும். காபீன் சேர்ந்த கூட்டு மாத்திரைகளானால் 10 நாட்களே போதும். மருந்துண்ட நாட்களை நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது. எண்ணிக்கை ஏறினாலும், மாத்திரைகள் பலிக்காவிட்டாலும், கடைக்காரரை விட்டு வைத்தியரிடம் செல்லுங்கள். டிரிப்டான் என்னும் தனி வகை மருந்துகள் அவர்கள் வசம் உண்டு. திடீரென்று இடி விழுந்தாற்போன்ற வலி, கழுத்து விறைப்புடன் ஜுரம், கைகால் சோர்வு, பேச்சுக் குழறல் ஆகியவை கண்டால் ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.