உழவரின் திறனை அளப்பது எப்படி?

கூடுதல் மகசூல் கண்டவரே திறமையான உழவர் என்பது ஊர்ப்பேச்சு. செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? அதற்குக் கணிதம் தரும் கருவியே ‘தரவு உறைப் பகுப்பாய்வு’.

1957இல் ஃபாரல் என்னும் இங்கிலாந்துப் பொருளியலறிஞர் இதற்கு வித்திட்டு, அமெரிக்காவின் 48 மாநிலங்களின் வேளாண்மையை அளந்து காட்டினார். 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் அதை நேரியல் திட்டமிடல் முறையாக வளர்த்தனர்.

மூன்று உழவர்கள் ஆளுக்கோர் ஏக்கரில் 20 மூட்டை நெல் எடுத்ததாகக் கொள்வோம். முதல்வருக்கு 20 ஆளும் 4 மூட்டை உரமும் செலவு. இரண்டாமவருக்கு 40 ஆளும் 2 மூட்டை உரமும். மூன்றாமவருக்கு 40 ஆளும் 4 மூட்டை உரமும். முதலிருவரின் சராசரி 30 ஆள், 3 மூட்டை. அதாவது, மூன்றாமவர் செலவில் முக்கால் பங்கே அதே விளைச்சலுக்குப் போதும். ஆகவே அவர் திறன் 0.75, மற்ற இருவர் திறன் 1. கூட்டத்தில் சிறந்தவர்களோடு ஒப்பிடுவதே இம்முறை.

ஆனால் மூன்றாமவர் நிலம் உவராகவோ கடைமடையாகவோ இருந்தால்? அதைக் கணக்கில் சேர்க்காவிடில் மண்ணின் குறை உழவர் தலையில் விழும். உழவர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எனக்கு இது வெறும் கணக்கன்று. நாளை புள்ளிவிவரம் எடுக்கப் போகும் நாம், எண்ணைக் குறிக்குமுன் வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும்.