மலிவு விலை மடக்குக் கத்தி: எந்த இடத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்?

மடக்குக் கத்தி என்பது, வெட்டும் அலகு ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பி, தன் வாயைக் கைப்பிடிக்குள்ளேயே மறைத்துக்கொள்ளும் கருவியாகும். கைப்பிடியே பாதி உறையாகவும் அமைந்துவிடுவதால், தோட்டத்தில் ஒட்டுக்கட்டுபவர் முதல் மலையேறுபவர் வரை பலரும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்க முடிகிறது. கடைத்தெருக்களிலும் இணைய அங்காடிகளிலும் இன்று இத்தகைய கத்திகள் இடுப்பு வாரில் கோக்கும் உறையோடு சேர்த்தே மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. மலிவு என்றாலே மட்டம் என்று ஒதுக்குவோரும், வெட்டினால் போதும் என்று வாங்கிவிடுவோரும் ஒரே தவறைத்தான் செய்கின்றனர். இருவருமே கத்தியைப் பாராமல் விலையைப் பார்க்கின்றனர். ஒரு பொருளின் விலை குறைந்திருக்கிறது என்றால், அதைச் செய்தவர் ஏதோ ஓரிடத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார் என்று பொருள். அந்த இடம் எது என்று கண்டுகொள்வதில்தான் கத்தியின் மதிப்பீடு அடங்கியிருக்கிறது.

மிச்சத்தைச் சரியான இடத்தில் பிடித்ததற்குப் பிரான்சின் ஒப்பினெல் கத்தி நல்ல சான்று. ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோயில், கோடரியும் வெட்டரிவாளும் செய்துவந்த பட்டறை ஒன்றின் உரிமையாளர் மகனான ஜோசப் ஒப்பினெல், 1890ஆம் ஆண்டில் தம் 18ஆம் வயதில் இந்த உழவர் கத்தியை வடிவமைத்தார். மரப்பிடி, அலகு, ஆணி, பிடியின் தலையில் ஓர் உலோகப் பூண் என நான்கே உறுப்புகள் கொண்ட அக்கத்தியில், திறந்த அலகைப் பூட்டும் சுழல்வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. பித்தளை அலங்காரமோ தோலுறையோ இல்லாமல் விற்கப்படும் அதன் எட்டாம் எண் கத்தி எட்டரை சென்டிமீட்டர் அலகுடையது; மலிவானது; பழத்தோலை மெல்லிய நாடாவாகச் சீவிவிடக்கூடியது. மழையில் நனைந்தால் மரப்பிடி ஊதிப்போய் அலகைத் திறப்பது கடினமாகிவிடும் என்பது அதன் நெடுநாள் குறை. ஆயினும் அதைச் செய்தவர்கள் அலங்காரத்தில் சிக்கனம் செய்தார்களே தவிர அலகில் செய்யவில்லை.

இதற்கு மறுகோடியில், அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964இல் வெளியிட்ட '110' என்ற கத்தியின் போலிகள் நிற்கின்றன. இரு முனைகளிலும் பித்தளைப் பூண், நடுவே கருமரப் பிடி, முதுகில் பூட்டு, இடுப்பில் அணியத் தடித்த தோலுறை என அமைந்த அந்த மூலக்கத்தி, ஏறத்தாழ 200 கிராம் எடையும் ஒன்பதரை சென்டிமீட்டர் அலகும் உடையது. முதுகுப் பூட்டு அதற்கு முன்பே இருந்ததுதான் என்றாலும், அதை உலகெங்கும் பரவச் செய்தது இக்கத்தியே. அதன் தோற்றத்தைப் பின்பற்றி ஆசிய நாடுகளில் செய்யப்படும் மலிவுக் கத்திகள் எண்ணிலடங்கா. பித்தளை பளபளக்கிறது, மரம் மினுமினுக்கிறது, உறையில் முத்திரைகூடப் பொறித்திருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் இவை அனைத்துக்கும் செலவிட்ட பின்பு, கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலைதான் பதம். அலகை வெட்டி வடிவாக்கிய பின் சூளையில் காய்ச்சி, உடனே குளிரவைத்துக் கடினமாக்குவதைக் கொல்லர் வழக்கில் தோய்ச்சல் என்பர். அப்படிக் கடினமான எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெற்றுவிடுவதால், அதை மீண்டும் இளஞ்சூட்டில் வைத்து முறுக்கைத் தணிக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக்கு முதற்சூடு ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேலும், பின்சூடு பெரும்பாலும் 200 டிகிரியை ஒட்டியும் அமையும். சூளையில் சில நிமிடங்களைக் குறைத்தாலும், ஒரே தட்டில் அளவுக்கு மீறி அலகுகளை அடுக்கினாலும் செலவு குறையும், பதமும் கெடும். வெளிப்பார்வைக்கு இரண்டு அலகுகளும் ஒன்றுபோலவே இருக்கும்.

பதத்தின் அளவைச் சொல்ல ராக்வெல் அளவுகோல் பயன்படுகிறது. கூம்பு வடிவ வைர முனையை 150 கிலோ சுமையால் எஃகின் மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் பதிகிறது என்பதைக் கொண்டு கடினத்தை எண்ணாகக் கூறும் முறை இது. பையில் வைத்துப் பயன்படுத்தும் கத்திக்கு 56 முதல் 59 வரையிலான எண் ஏற்றது. 52 அளவில் நிற்கும் அலகு சில அட்டைப்பெட்டிகளைக் கிழிப்பதற்குள் வாய் மழுங்கிவிடும்.

எஃகின் பெயரைப் பார்த்து மயங்குவதிலும் பயனில்லை. மலிவுக் கத்திகளில் காணப்படும் '8சிஆர்13எம்ஓவி' போன்ற சீனக் குறியீடுகள் சேர்மானத்தைச் சொல்பவை. முன்னுள்ள 8 ஏறத்தாழ 0.8 விழுக்காடு கரிமத்தையும், 13 என்பது அவ்வளவு விழுக்காடு குரோமியத்தையும் குறிக்கும். கரிமம் கடினத்தையும் குரோமியம் துருத்தடையையும் தருவதால், இக்குறியீடு உள்ள கத்தி ஓரளவு நம்பத்தக்கது. '3சிஆர்13' என்றிருந்தால் கரிமம் குறைவு, கூர் நீடிக்காது. வெறுமனே 'சர்ஜிகல் ஸ்டீல்' என்றோ, பின்னெழுத்தின்றி '440' என்றோ பொறித்திருந்தால் அது எதையும் உறுதியாகச் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும். ஏனெனில் 440 வரிசையில் ஏ, பி, சி என மூன்று வகைகள் உண்டு. ஏ வகைக்கும் சி வகைக்கும் கரிமத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. அதே நேரத்தில், பக் நிறுவனம் தன் 110 கத்திக்கு இன்று கையாளும் 420எச்சி என்பது விலை குறைந்த, எளிய எஃகுதான். நல்ல தோய்ச்சலால் அது 58ஐ ஒட்டிய கடினத்தை அடைந்து, பெயர்பெற்ற எஃகுகளோடு தோள் உரசி நிற்கிறது. அரை வேக்காட்டில் பதம் போட்ட உயர்ந்த எஃகைவிட, ஒழுங்காகப் பதம் போட்ட எளிய எஃகு மேலானது.

ராக்வெல் கருவி யார் வீட்டிலும் இருக்காது என்றாலும், சாணைக்கல் பதத்தைக் காட்டிக்கொடுக்கும். மென்மையான அலகைக் கல்லில் தீட்டும்போது, அதன் வாயோரத்தில் மெல்லிய உலோகப் பிசிர் எழுந்து, எந்தப் பக்கம் தீட்டினாலும் மறுபக்கம் சாய்ந்துகொள்ளுமே தவிர உதிராது. நல்ல பதமுள்ள அலகில் பிசிர் மெலிதாக எழுந்து, சில இழுப்புகளில் விட்டுப்போகும். ஒரு விதிவிலக்கையும் இங்கே சொல்ல வேண்டும்: தொழிற்சாலையில் நீர் விடாமல் அவசரமாகச் சாணை பிடிக்கும்போது வாயின் விளிம்பு மட்டும் சூடேறிப் பதம் இழப்பதுண்டு, அத்தகைய கத்தி முதல் வாரத்தில் ஏமாற்றினாலும், இரண்டு மூன்று முறை கல்லில் தீட்டி அந்த விளிம்பு தேய்ந்தபின் உண்மையான தரத்தைக் காட்டும். ஆகவே புதுக்கத்தியைத் தீட்டிப் பார்க்காமல் தள்ளிவிடுவது நியாயமாகாது.

அலகு மழுங்கினால் வேலை கெடும். பூட்டு நழுவினால் விரல் போகும். மலிவுக் கத்தியில் முதலில் சோதிக்க வேண்டியது பூட்டையே. முதுகுப் பூட்டில், பிடியின் முதுகில் கிடக்கும் எஃகுத் தண்டின் பல் அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்து உட்காருகிறது. உட்தகட்டுப் பூட்டில், பிடிக்குள் இருக்கும் வளைந்த தகடு அலகின் அடிக்குப் பின்னால் தாவி முட்டுக்கொடுக்கிறது. பூட்டே இல்லாத பழைய பேனாக்கத்தி வகையில் வில்லின் இறுக்கம் மட்டுமே அலகை நிறுத்துகிறது. பூட்டுள்ள இரு வகைகளிலும் அலகைத் திறக்கும்போது 'டக்' என்ற ஒற்றை ஓசை கேட்க வேண்டும். மந்தமாகவோ இரண்டு படிகளாகவோ கேட்டால் பூட்டு முழுதாக அமரவில்லை என்று பொருள். பிறகு அலகு மடங்கும் வழியில் விரல் எதுவும் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் நிதானமாக அழுத்திப் பார்க்கலாம். ஓங்கித் தட்டிப் பார்ப்பது நல்ல பூட்டையும் கெடுக்கும். அலகை நுனியில் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் சிறிது ஆட்டம் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆணி திருகாணியாக இருந்தால் அதை இறுக்கினால் சரியாகிவிடும். மேலும் கீழுமாக ஆடினால் அது பூட்டின் குறை. வீட்டில் திருத்த முடியாது.

விளக்கடியில் கத்தியைப் பிடித்து இரண்டு இடங்களைப் பார்ப்பது போதும். அலகை விரித்து, வாய் மேல்நோக்கி இருக்கும்படி ஒளியில் காட்டினால், கூரான வாய் ஒளியைத் திருப்பாது. மழுங்கிய இடத்திலும் பல் விழுந்த இடத்திலும் வெள்ளைப் புள்ளியாக மின்னும். பின்னர் அலகை மடக்கி மேலிருந்து பார்த்தால், அது இரு உட்தகடுகளுக்கும் நடுவில் படுத்திருக்க வேண்டும்; ஒரு பக்கத் தகட்டை உரசிக்கொண்டு கிடந்தால், ஒவ்வொரு முறை மூடும்போதும் வாய் தேய்கிறது.

இனி உறை. மடக்குக் கத்தியின் உறை, வாய் வெளியே தெரியும் அரிவாளின் உறையைப் போன்றதன்று. மூடிய கத்தியை விழாமல் தாங்கும் சிறு பைதான் அது. எனவே கூர் கிழித்துவிடுமோ என்ற அச்சம் இங்கே குறைவு. கத்தி நழுவாமல் இருக்கிறதா, ஈரம் சேராமல் இருக்கிறதா என்பவையே கேள்விகள். உறையின் வெட்டுவிளிம்பை உற்றுநோக்கினால் அதன் குலம் தெரிந்துவிடும். உண்மையான தோலின் விளிம்பில் நார்கள் பின்னிப் பிணைந்து தெரியும். தோல் துகள்களை அரைத்துப் பசையிட்டு அழுத்திய 'பாண்டட் லெதர்' ஆனால் அட்டைபோல் ஒரே சீராக இருக்கும், மேலே ஒட்டிய பிளாஸ்டிக் படலம் தனியாகத் தெரியும். இத்தகைய உறை மடிப்புகளில் விரைவில் செதில் செதிலாக உரியும்.

உண்மைத் தோலிலும் இருவகை உண்டு. குரோமிய உப்பால் பதனிட்ட தோல் மெத்தென்று வளையும், செருப்பின் மேற்பகுதிக்கும் கைப்பைக்கும் ஏற்றது. மரப்பட்டைச் சாற்றால் பதனிட்ட தோல் விறைப்பானது, ஈரமாக்கிக் கத்தியின் மேல் அழுத்தினால் அதன் வடிவை ஏற்று அப்படியே உலரும். உறைக்கு ஏற்றது இரண்டாவதே. ஆவாரம்பட்டையால் பதனிட்டு ஏற்றுமதி செய்த நெடிய மரபு தமிழ்நாட்டுக்கு இருப்பதால், நல்ல உறைத்தோல் தமிழ் வாசகருக்கு அயலானதன்று. திண்டுக்கல், ஈரோடு, வாணியம்பாடி வட்டாரத் தொழிலாளர் கைகளில் பழகிய பொருள் அது. கத்தியோடு வந்த உறை தேறாவிட்டால், தோல்வேலை தெரிந்த ஒருவரிடம் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம் என்பதால், உறை ஒன்றை மட்டும் காரணமாக்கி நல்ல அலகைத் தள்ள வேண்டியதில்லை.

தையலில், இயந்திரம் இரு நூல்களைக் கொக்கியிட்டுத் தைத்ததானால் ஒரு கண்ணி அறுந்தவுடன் வரிசை முழுவதும் தளர வழியுண்டு; ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து எதிரெதிராகத் தைக்கும் கைத்தையல் அப்படி அவிழாது. மூடியின் பிரஸ் பட்டனுக்குப் பின்புறம் உலோகம் வெளியே தெரிந்தால், அது நாளடைவில் பிடியைக் கீறும். நைலான் உறை மட்டம் என்பதும் முழு உண்மையன்று. அதன் ஒட்டுப்பட்டை தூசும் நூலும் அடைந்து பிடிப்பு இழக்கும் என்றாலும், நனைந்தால் விரைவில் உலர்கிறது. மழைக்காலத்திலும் கடலோரத்திலும் இது பெரிய நன்மை. தோலுறைக்குள் கத்தியை மாதக்கணக்கில் போட்டுவைத்தால், தோலிலுள்ள ஈரமும் அமிலமும் அலகில் துருவையும் பித்தளைப் பூணில் பச்சைக் களிம்பையும் வளர்க்கும். தோலுறை என்பது கத்தியைத் தூக்கிச் செல்ல மட்டுமே; வீட்டில் அதைத் துடைத்து, சிறிது எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வைக்க வேண்டும்.

வாங்குபவர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்படாத, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுடைய கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. இங்கே பேசப்படும் கத்திகள் அந்த அளவுக்குள் அடங்குபவை. விமானத்தில் கைப்பையில் இவற்றுள் எதையும் கொண்டுசெல்ல முடியாது. பிரிட்டனில் வாழும் தமிழர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது, வெட்டும் வாய் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே.

இத்தனையும் பார்த்தபின், தெளிவான எஃகுக் குறியீடும் ஆடாத பூட்டும் கொண்டு, அலங்காரம் குறைந்த மலிவுக் கத்தியை, உறை சுமாராக இருந்தாலும் தயங்காமல் வாங்கலாம். பித்தளையும் பளபளப்பும் முத்திரையும் நிறைந்து, எஃகின் பெயர் மட்டும் இல்லாத கத்தியை, உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது. தவறிப்போய் வாங்கிவிட்ட கத்தியின் பூட்டு ஒருமுறை நழுவினாலும், அதைப் பிறருக்குக் கொடுக்க வேண்டாம். குப்பையில் அப்படியே போடவும் வேண்டாம். அலகை மடக்கி, கெட்டி அட்டையில் சுற்றிக் கட்டி, உள்ளே கத்தி இருக்கிறது என்று மேலே எழுதிப் பழைய இரும்புக்குக் கொடுங்கள். அதைப் பிரிப்பவர் வெறுங்கையால்தான் பிரிக்கிறார்.