மான்வால் முடியில் ஒரு பொய் இரை

ஈயத் தலை வார்த்த தூண்டில் முள்ளில் விலங்கு முடியையோ பறவைத் தூவியையோ நூலால் இறுகக் கட்டினால் முடி ஜிக் கிடைக்கிறது. வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் பாஸ், வாலை, கிராப்பி மீன்களைப் பிடிக்க இது நெடுங்காலமாகப் பயன்படுகிறது.

கட்டும் பொருள்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பக்டெயில், அதாவது வெண்வால் மானின் வால்முடி. வாலின் அடிப்பக்கத்து முடி உள்ளே பொள்ளலானது. நூல் இறுகியதும் விசிறிபோல் விரிந்துவிடும். நுனிப்பக்கத்து முடி அவ்வளவு விரியாது. ஒடுங்கிய உடல் வேண்டுவோர் அதையே தேர்ந்தெடுப்பார்கள். மற்றொன்று மராபூ. ஒருவகை நாரையின் பெயர் இது என்றாலும், இன்று விற்பனையாவது வான்கோழித் தூவிதான்.

இந்த இரையின் உண்மையான அருமை குளிர்காலத்தில்தான் தெரியும். நீரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது பாஸ் மீனின் உடலியக்கம் மந்தமாகிவிடுகிறது. அது இரையைத் துரத்தாது. மென்பிளாஸ்டிக் இரைகளும் குளிரில் விறைக்கின்றன. தூவி விறைப்பதில்லை. தூண்டில்காரர் கையை அசைக்காமல் இருந்தாலும், மிக மெல்லிய நீரோட்டத்திலேயே அதன் இழைகள் சாம்பிராணிப் புகைபோல நெளிந்துகொண்டிருக்கும். சும்மா தொங்கும் பொருள் மூச்சுவிடும் உயிராகத் தோன்றுகிறது.

கிழக்கு டென்னசியின் ஆழமான, தெளிந்த நீர்த்தேக்கங்களில் இதற்கென்றே ஒரு முறை உருவானது. ஏறக்குறைய 2 கிராம் எடையுள்ள ஜிக்கைத் தக்கைக்குக் கீழே மூன்று, நான்கு மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுவார்கள். சிற்றலையில் தக்கை ஆட, ஜிக்கும் ஆடும். கடுங்குளிரில் ஷாட் என்னும் சிறுமீன்கள் செயலிழந்து செத்துப்போவது வழக்கம். அப்படித் தத்தளிக்கும் ஒரு மீனாகவே ஸ்மால்மவுத் பாஸ் இதைக் கருதிக் கவ்வுகிறது. நீண்ட, வளைந்துகொடுக்கும் கோல் இருந்தால்தான் இவ்வளவு நீள நரம்பை வீச முடியும்.

இவ்வளவு நுட்பமான கைவேலையின் தலையில் நஞ்சு இருப்பது வருந்தத்தக்கது. லூன் என்னும் நீர்ப்பறவை, இரையை அரைக்க உதவும் கூழாங்கல் என்று எண்ணி ஈயத்துண்டை விழுங்குகிறது. அறுந்த தூண்டிலோடு திரியும் மீனைத் தின்றாலும் ஈயம் உள்ளே போகிறது. ஒரு சிறு துண்டே சில வாரங்களில் அதைக் கொன்றுவிடும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2000-இல் சிறிய ஈயத் தூண்டில் பொருள்களுக்குத் தடை விதித்தது. 2016 முதல் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், வரையுள்ள ஈய ஜிக்குகளை விற்கவும் அங்கே தடை உண்டு. சட்டம் இல்லாத இடங்களிலும் ஈயத்தைக் கைவிடுவதே முறை.

மாற்று இருக்கிறது. டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தியானது. அதே எடைக்குத் தலை சிறிதாக அமையும், ஆனால் விலை கூடுதல், வீட்டில் உருக்கி வார்க்கவும் முடியாது. பிஸ்மத் 271 டிகிரியில் உருகுவதால், தாமே வார்த்துக் கட்டுவோருக்கு அதுவே ஏற்றது. ஈயத்தைவிட இலேசானது என்பதால் தலை சற்றுப் பருமனாகும். அதனால் ஜிக் மெல்ல அமிழும். குளிர்நீரில் அது குறையும் அல்ல.