பனியை வெல்லும் பால்மரம்: தெரியுமா?

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஹொக்கைடோ போய் வாடகைக் கார் ஓட்ட நினைக்கும் பங்சார் குடும்பங்களில் முதல் கேள்வி இதுதான்: "பனியில ஃபோர் வீல் டிரைவ் இல்லாம முடியுமா?" தாராளமாக முடியும்! அதற்கான விடை ஒரு காலத்தில் பங்சார் மண்ணிலேயே வளர்ந்தது, தெரியுமா?

இன்ஜினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பங்கிட்டுத் தருவதுதான் ஃபோர் வீல் டிரைவ். பனி மூடிய மேட்டில் வண்டியைக் கிளப்ப அது அருமையான துணை. ஆனால் பிரேக்? அதில் ஃபோர் வீலுக்குத் தனிப் பலம் இல்லை; பழைய கஞ்சில் காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டே! வழுக்கும் சாலையில் வண்டியை நிறுத்துவது டயரின் பிடிமானம். தரையைத் தொடும் இடமோ, டயருக்கு ஓர் உள்ளங்கை அளவு. அவ்வளவுதான்!

நாம் இங்கே ஓட்டும் சாதாரண டயர், 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தாலே இறுகத் தொடங்கிவிடும். குளிர்கால டயர் அப்போதும் இளக்கமாகவே இருக்கும். காரணம், அதன் ரப்பர் கலவை. சிலிக்காவோடு இயற்கை ரப்பரும் அதில் கூடுதலாகச் சேர்கிறது. இயற்கை ரப்பர் கண்ணாடிபோல் விறைக்கச் சுமார் மைனஸ் 70 டிகிரி வேண்டும்! பனியையே காணாத அமேசான் காட்டு மரத்தின் பாலுக்கு இப்படியொரு குணம்!

அந்த மரம் இங்கே வந்த கதை இன்னும் வியப்பு. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். முளைத்த கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பிறகு மலாயா முழுக்கப் பால்மரக் காடு! இன்று தெலாவி கடைகள் மின்னும் பங்சாரிலும் புங்கே-கிரிசார் ரப்பர் தோட்டம் இருந்தது. விடியுமுன் எழுந்து மரம் சீவிய தமிழர்களின் உழைப்பு உலகச் சாலைகளில் உருண்டது. இதை நம் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள்: பனியை நன்றாகப் பற்றுவது பனியேதான்! குளிர்கால டயரின் பள்ளங்கள் பனியை அள்ளி இறுக்கிக்கொள்ளும். அந்தப் பனி சாலைப் பனியோடு ஒட்டிப் பிடிக்கும். மெல்லிய கத்திக் கீறல்கள்போல் டயரில் தெரியும் வெட்டுகள் பிடிமானத்தை மேலும் கூட்டும்.

தமிழர்கள் நிறைய வாழும் மொன்ட்ரியல் நகரம் இருக்கும் கியூபெக்கில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஃபோர் வீல் வண்டிக்கும் விலக்கு இல்லை! ஹொக்கைடோவில் குளிர்கால வாடகைக் கார்கள் 'ஸ்டட்லெஸ்' எனப்படும் ஆணியில்லாத குளிர்கால டயரோடுதான் வரும். முன்பதிவின்போது ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஃபோர் வீல் கேட்பது அதற்குப் பிறகு. டயர் பள்ளத்தின் ஆழமும் முக்கியம். மலேசியாவில் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் சட்டத்துக்குப் போதும். ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் அதைக் குளிர்கால டயர் என்றே ஏற்கமாட்டார்கள்!