எல்லை கடந்த எண்ணும் செய்தி அனுப்பும் முறையும்

எண்களுக்கு முடிவில்லை என்பது கணித நூலார் துணிபு. கணினியோ எண்ணை வரம்புடைய ஓர் அறையிற் குறித்து வைப்பது. 16 பிற்று கொண்ட அறையொன்றில், குறை நிறைக் குறியுடைய எண் 32767 வரையே அடங்கும். அதனோடு ஒன்றைக் கூட்டிச் சோதியாது விடின் விடை -32768 எனத் தோன்றும். பிழை நேர்ந்தமைக்கு அவ்விடையில் யாதோர் அடையாளமும் இராது.

இவ்விடரைச் சிமோல்ரோக்-80 என்னும் கணினிமொழி நீக்கும் வகை ஆராயத்தக்கது. அமெரிக்காவிலே செறொக்ஸ் நிறுவனத்தின் பலோ அல்ரோ ஆய்வு நிலையத்தில் அலன் கே, டான் இங்கல்சு, அடெல் கோல்ட்பேர்க் முதலியோர் ஆக்கிய இம்மொழியில் எண்ணும் ஒரு பொருள். கூட்டலும் அப்பொருளுக்கு அனுப்பப்படும் ஒரு செய்தி. 3 + 4 என்பது, 4 ஐ உடன்கொடுத்து, 3 என்னும் பொருளுக்குக் கூட்டற் செய்தியை அனுப்புதலாம்.

நிரல் முதலிற் பைற்றுக் குறிகளாக மாற்றப்படும். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றுவது உரைபெயர்ப்பி. சிறு கூட்டல் ஒவ்வொன்றுக்கும் செய்திக்குரிய செய்முறையைத் தேடின் காலம் வீணாகும். ஆதலாற் கூட்டலுக்கென 176 ஆம் குறி ஒதுக்கப்பட்டது. 1983 இல் வெளிவந்த அம்மொழியின் விளக்க நூலிற் கண்டவாறு, 16 பிற்றுச் சொல்லின் கடைப்பிற்று 1 ஆயின், எஞ்சிய 15 பிற்றும் ஒரு சிற்றெண்ணைக் குறிக்கும். அதன் எல்லை -16384 முதல் 16383 வரை. 176 ஐக் கண்ட உரைபெயர்ப்பி, இரண்டும் சிற்றெண்களாயின் நேரே கூட்டி, விடை எல்லையுள் அடங்கின் அதனையே கொள்ளும். 15 பிற்று எண்கள் இரண்டின் கூட்டுத்தொகை 16 பிற்றில் என்றும் அடங்குமாதலின் இச்சோதனை எளிது. பெருக்கலில் அவ்வெளிமை இல்லை.

16383 உடன் 1 ஐக் கூட்டினால் யாதாகும்? உரைபெயர்ப்பி தான் கண்ட தொகையைக் கைவிட்டு, கூட்டற் செய்தியை முறைப்படி அனுப்பிவிடும். சிற்றெண் வகுப்பும் அதன் மேல்வகுப்பும் அச்செய்தியை ஏற்றுப் பேரெண் ஒன்றை ஆக்கித்தரும். 256 ஐ அடியாகக் கொண்டு, 16384 ஆனது 0, 64 என இரு பைற்றுகளிற் குறிக்கப்படும். நிரலெழுதியவர் இதனை அறியவும் வேண்டியதில்லை.

சோதனை மாத்திரம் போதாது, சோதனையில் தவறியதை ஏற்கும் இடமும் வேண்டும் என்பதே இங்குக் கருதற்பாலது. 1996 யூன் 4 இல் ஏரியன் 5 ஏவுகலம் அழிந்தது, 64 பிற்றுத் தசம எண்ணொன்று 16 பிற்று முழுவெண்ணில் அடங்காமையால். ஆங்கும் எல்லை மீறியமை உடனே கண்டறியப்பட்டது. ஆயின் அதனை ஏற்றுச் சீர்செய்யும் பகுதி நிரலில் இல்லை. கலத்தின் நிலையை அளக்குங் கணினிகள் இரண்டும் செயலொழிந்தன. கணினியின் வேலைப்பளுவைக் குறைத்தற்பொருட்டு, இடருடைய மாறிகள் ஏழனுள் நான்கிற்கே காப்பு இட்டிருந்தனர். எஞ்சிய மூன்றனுள் ஒன்றே எல்லை கடந்தது.